அலமாரிச் சாவி யார் கையில்?

இடம் பார்ப்பது, பதிந்துகொள்வது, பெற்றோரிடம் இசைவுக் கடிதம் வாங்குவது எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது சமூக மன்றத்தில் உங்கள் தமிழ்ப் பிள்ளைகள் மன்றத்துக்கு ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம். பதினைந்து இருபது பிள்ளைகள். மூலையில் ஓர் அலமாரி; அதற்குள் வண்ணத்தாள், செஸ் பலகை, ஒலிவாங்கி, முதலுதவிப் பெட்டி, போன வருடம் மிச்சமான தோரணம். அலமாரிக்கு ஒரே ஒரு சாவி. அது யாரிடம் இருக்கப்போகிறது? அற்பமான கேள்வி போலத் தெரியும். ஆனால் மன்றத்தில் பிள்ளைகளின் திறமை வெளிப்படுமா, அவர்களில் நாலு பேராவது முன்னின்று நடத்தக் கற்பார்களா என்பதை வேறு எதையும்விட இதைக் கேட்டே கணித்துவிடலாம். சாவி எப்போதும் பெரியவரின் கைப்பையிலேயே இருக்கும் மன்றம் நல்ல மன்றமாக இருக்கலாம். பிள்ளைகள் மகிழ்ச்சியாக வந்து போகலாம். அங்கே தலைமைத்துவம் வளர்கிறது என்று மட்டும் ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள்.

திறமையைப் புதையலாக நினைத்துப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. உள்ளே எங்கோ கிடக்கிறது, விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்த்துத் தோண்டி எடுத்துவிடுவார் என்று. மன்றம் தொடங்கியதும் முதல் வேலையாகப் போட்டி வைக்கத் தோன்றுவது அதனால்தான்: பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி. போட்டியில் மேலே வருவது பெரும்பாலும் ஏற்கெனவே வெளியே தெரிந்த திறமை, அதாவது வீட்டில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க ஆள் இருக்கும் பிள்ளையின் திறமை. சில நேரம் அது திறமைகூட இல்லை, வெறும் வயது. 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளர்களும் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். வயதுப் பிரிவின் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட உயரமாகத் தெரிந்தான். அதைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்ததால் கூடுதல் பயிற்சி கிடைத்தது. கடைசியில் திறமையும் உண்மையிலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 வகுப்பில் ஜனவரி 2ஆம் தேதி பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரி 1ஆம் தேதி பிறந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஏழு வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. சீக்கிரமே வடிகட்டும் எந்த மன்றமும் இந்தப் பிழையைத்தான் திரும்பச் செய்கிறது.

திறமை தேடினால் கிடைப்பதைவிடத் தேவைப்படும்போது தலைகாட்டுவதுதான் அதிகம். ஒரு வேலை காத்திருக்கிறது, அதைச் செய்ய ஆள் வேண்டும், செய்யாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற நிலை வரும்போதுதான் ஒருவருக்குத் தன்னால் இது முடிகிறது என்பதே தெரியவருகிறது. இந்த ஊரிலேயே இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, கோ. சாரங்கபாணியின் பொறுப்பில் இருந்த 1950களில், மாணவர்களுக்கென்று மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. எழுதிய மாணவர்கள் ஊர் ஊராகக் கூடினார்கள், மன்றங்கள் ஆனார்கள். எல்லைக்கு அப்பால் மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற பெயரில் அந்த வேர் இன்னும் இருக்கிறது. அடுத்த தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் தங்கள் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான். அங்கே எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்தித் திறமையைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நாளேட்டுக்கு நிரப்ப வேண்டிய இடம் இருந்தது, கெடு இருந்தது, மறுநாள் படிக்கப்போகும் வாசகர் இருந்தார். மாணவரின் எழுத்து அங்கே உண்மையாகவே தேவைப்பட்டது. இன்றைய மாணவர் முரசு, இளையர் முரசு பக்கங்களும் அந்த வழியில் வந்தவைதான். உங்கள் மன்றத்திடம் நாளேடு இல்லை. ஆனால் உண்மையாகவே தேவைப்படும் ஒரு வேலையை எந்த மன்றத்தாலும் உண்டாக்கிக்கொள்ள முடியும்.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். லிட்டில் இந்தியாவுக்கு வராத சிங்கப்பூர்ப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசத் தெரிந்த பிள்ளை குறைவு. உங்கள் மன்றம், பக்கத்துப் பள்ளியைச் சேர்ந்த பன்னிரண்டு மாணவர்களை அங்கே நடைச்சுற்றுலா கூட்டிப்போவதாக ஏற்றுக்கொள்கிறது என்று வையுங்கள். தேதி குறித்தாயிற்று, வருகிறவர்கள் வெளியாட்கள், இனிப் பின்வாங்க முடியாது. வேலைகள் தாமாகவே முளைக்கும். வழியை வரைய ஒருவர் வேண்டும்: எம்ஆர்டி வாசலில் கூடி, பஃப்பலோ ரோடு வழியாகப் போய், கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய தான் தெங் நியாவின் வண்ண வீட்டைப் பார்த்து, சிராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் முடிப்பதா, அல்லது வீரமாகாளியம்மன் கோயில் வரை நடப்பதா? கதை சொல்ல ஒருவர் வேண்டும். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, பக்கத்துத் தெருவுக்கு ஆங்கிலத்திலும் அதே எருமையின் பெயர். ஒரு காலத்தில் இங்கே மாட்டுத்தொழுவங்களும் மாட்டு வணிகமும் இருந்ததை இரண்டு தெருப்பலகைகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று கண்டுபிடிக்கிற பிள்ளை, வரலாற்றுப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், வரலாற்று மூளை உள்ள பிள்ளை. நேரம் பார்க்க ஒருவர், தலை எண்ண ஒருவர், எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நடந்து வர ஒருவர். அந்தக் கடைசி ஆளை நன்றாகக் கவனியுங்கள். யாருக்குக் கால் வலிக்கிறது, யார் தனியாக ஒதுங்கி நடக்கிறார், யார் கடைவாசலில் நின்றுவிட்டார் என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும். பேச்சுப் போட்டியில் ஒருநாளும் பரிசு வாங்காத பிள்ளை இந்த இடத்தில் ஜொலிப்பது மிகவும் சாத்தியம்.

பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்கவும் ஒருவர் வேண்டும். ஐந்தடி நடைபாதையில் பன்னிரண்டு பேர் நின்றால் வியாபாரம் கெடும். உயர்நிலை 1 மாணவி ஒருத்தி போய், "அக்கா, சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றோம். அஞ்சு நிமிஷம் ஓரமா நின்னு மாலை கட்டுறதைப் பார்த்துக்கலாமா?" என்று கேட்கிறாள் என்று கொள்வோம். "பத்து மணிக்குக் கோயிலுக்கு வாங்க ஆளு வந்துக்கிட்டே இருக்கும்மா, பதினொண்ணு ஆகட்டும்" என்று பதில் வந்தால் அவள் திரும்பி வந்து வழியையே மாற்ற வேண்டும். வரைந்தவனோடு வாதாட வேண்டும். கதை சொல்பவனின் வரிசையும் மாறும். இந்தப் பதினைந்து நிமிடச் சச்சரவுக்குள் பேரம், விட்டுக்கொடுத்தல், தீர்மானம் மூன்றும் அடங்கிவிட்டன. தலைமைத்துவம் என்று தலைப்பிட்டு ஒளிப்படக்காட்சி போட்டு நடத்தும் பயிலரங்குகளில் இந்தப் பதினைந்து நிமிடம் கிடைப்பதில்லை. பெரியவர் ஒருவர் கடைக்காரரை முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டால் சுற்றுலா இன்னும் சீராக நடக்கும், மறுக்கவில்லை. சீராக நடந்ததைத் தவிர அன்று வேறொன்றும் நடந்திருக்காது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சன் 2000இல் எழுதிய கட்டுரை ஒன்று, பதின்ம வயதினர் நாளின் வெவ்வேறு பொழுதுகளில் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று அந்தந்த நேரத்திலேயே கேட்டுப் பதிந்த தகவல்களை அலசுகிறது. வகுப்பறையில் அவர்கள் கவனத்தைக் குவிக்கிறார்கள். ஆனால் மனம் ஒட்டவில்லை. நண்பர்களோடு அரட்டையில் மனம் ஒட்டுகிறது, கவனம் குவிவதில்லை. இரண்டும் ஒருசேர உயர்ந்து நிற்பது, தாங்களாக விரும்பிச் சேர்ந்த, ஆனால் ஒழுங்கும் இலக்கும் உள்ள நடவடிக்கைகளில்தான்: விளையாட்டு, கலை, மன்றம். தானாக ஒன்றைத் தொடங்கி, இடையில் வரும் தடைகளைத் தாண்டி, முடிவு வரை கொண்டுபோகும் முனைப்பு அங்கேதான் வளர்கிறது என்பது அவர் வாதம். அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள்: விருப்பம், ஒழுங்கு. ஒன்று இல்லாவிட்டால் மன்றம் இன்னொரு வகுப்பாகிவிடும். மற்றொன்று இல்லாவிட்டால் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

ஒழுங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்; ஏனென்றால் 'பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்' என்பதை 'பிள்ளைகளை விட்டுவிடுங்கள்' என்று புரிந்துகொள்ளும் நல்ல மனம் படைத்த தொண்டூழியர்கள் உண்டு. ஸ்வீடனில் ஜோசப் மஹோனியும் ஹோகன் ஸ்டாட்டினும் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு பலரை முகம் சுளிக்க வைத்தது. மேசைப்பந்து, தொலைக்காட்சி, இசை என்று எல்லாம் வைத்து, எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம் என்று திறந்துவிட்டிருந்த இளையர் நிலையங்களுக்குப் போன பிள்ளைகளிடம் ஒழுங்கீனச் செயல்கள் குறைவதற்குப் பதில் கூடுதலாகவே காணப்பட்டன. ஒழுங்குபடுத்திய நடவடிக்கைகளில் இருந்தவர்களிடம் அவை குறைவு. அப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் போகிறார்கள் என்று சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கும். ஆனாலும் கதவைத் திறந்துவைத்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி. ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பர்க், மாலி பச்சன் மூவரும் பள்ளிக்குப் பிந்திய 69 திட்டங்களின் மதிப்பீடுகளைத் திரட்டி 2010இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. படிப்படியாக ஏறும் திட்டம், கையால் செய்து பழகும் முறை, அதற்கென்று ஒதுக்கிய நேரம், எந்தத் திறனை வளர்க்கிறோம் என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்த திட்டங்களில் தன்னம்பிக்கை, நடத்தை, படிப்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவை இல்லாத திட்டங்களில் சொல்லத்தக்க பலன் ஏதும் இல்லை. சாவியைக் கொடுங்கள், ஆனால் எந்த அலமாரிக்கு, எத்தனை மணி வரை, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் சேர்த்தே கொடுங்கள்.

நம்மவர் மன்றங்களில் இதைவிட அடிக்கடி காணப்படும் குறை எதிர்த்திசையில் இருக்கிறது. 1992இல் யுனிசெஃபுக்காக ரோஜர் ஹார்ட் எழுதிய சிறுநூலில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி வருகிறது. பிள்ளைகளின் பங்கேற்பை அளக்கும் ஏணி அது. அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்று சொல்லவே அவர் ஒப்பவில்லை: பிள்ளைகளைப் பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குக் கையாளுவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது படியைப் படிக்கும்போது நம் விழா மேடைகள் நினைவுக்கு வராமல் போகாது. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் வரிசையாக நின்று பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை ஏந்தித் தட்டோடு நிற்பார்கள். நாற்காலி எத்தனை, யாரைப் பேச அழைப்பது, எந்த வரிசையில் நிகழ்ச்சி என்பதையெல்லாம் ஏற்பாட்டுக் குழுப் பெரியவர்கள் ஏற்கெனவே முடித்திருப்பார்கள். பன்னீர்ச் செம்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அழகான வழக்கம்தான். அதற்கு 'இளையர் பங்கேற்பு' என்று பெயர் வைப்பதைத்தான் நிறுத்த வேண்டும். அதே விழாவில் பார்வையாளர் அமரும் முறையை ஒரு 14 வயதுப் பையனிடம் விட்டுப் பாருங்கள். முதியவர்கள் கழிவறைக்குப் பக்கமாக உட்கார வேண்டும், தள்ளுவண்டிக் குழந்தைகளோடு வருவோர் கதவோரம் இருக்க வேண்டும் என்று ஒருவேளை அவன்தான் முதலில் யோசிப்பான்.

இவ்வளவும் சரி, பள்ளியிலேயே இதெல்லாம் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை ஒன்றில் சேராமல் இருக்க முடியாது. தேசிய மாணவர் படை, சாரணர், இந்திய நடனம், கூடைப்பந்து, விவாதம் என்று தெரிவுகள் ஏராளம். சாரணர் இயக்கம் சிங்கப்பூருக்கு வந்தது 1910இல், நூறாண்டுப் பழக்கம். 2014 முதல் நடப்பில் உள்ள லீப்ஸ் 2.0 முறையில் பங்கேற்பு, சேவை, தலைமைத்துவம், சாதனை ஆகிய நான்கும் பதிவாகின்றன. 'சிறப்பு' நிலை எட்டினால் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளிகள் சாதகமாகக் கிடைக்கின்றன. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் புள்ளி கிடைக்கும் இடத்தில் தவறு செய்ய யாருக்கும் துணிவு வராது. கல்வி அமைச்சும் இதை உணராமல் இல்லை. 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவில் பள்ளிக் கலைக்குழுக்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வழங்கிவந்த முறையை 2013இல் மாற்றிச் சான்றிதழ்களாக ஆக்கியது, பதக்கத்தின் பின்னால் ஓடுவதைக் குறைக்கத்தான். 2004இல் வந்த நேரடிப் பள்ளிச் சேர்க்கை முறையோ இன்னொரு பக்கம் இழுக்கிறது. விளையாட்டு, கலை, தலைமைத்துவம் ஆகியவற்றின் பேரில் நல்ல பள்ளியில் இடம் கிடைக்கும் என்றதும், பிள்ளையின் ஆர்வத்துக்கே தனிப்பயிற்சி வைக்கத் தொடங்கிவிட்டோம். பேட்டைக்குள் இருக்கும் மன்றத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. அங்கே கிடைப்பது எந்தப் படிவத்திலும் ஏறாது. ஏறாத காரணத்தாலேயே, படம் வரையத் தெரியாத பிள்ளை அங்கே பதாகை வரைந்து பார்க்கலாம். கெட்டுப்போனால் இன்னொரு தாள் எடுக்கலாம். எனவே பங்கேற்புச் சான்றிதழ் அச்சடிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்ட தொகை $1.8 பில்லியன், ஐந்தாண்டுகளுக்கு முந்திய கணக்கெடுப்பில் அது $1.4 பில்லியன். இடைப்பட்ட காலத்தில்தான் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாக நீக்கப்பட்டு 2023இல் அறவே இல்லாமல் போயின. தேர்வு குறைந்தது, துணைப்பாடம் கூடியது. அதனால் நேரத்தைத் தேர்வு தின்றுவிட்டது என்று சொல்ல முடியவில்லை, அச்சம் தின்கிறது. அச்சப்படும் பெற்றோரோடு வாதிட்டுப் பயனில்லை, அவர்களுடைய அச்சம் பொய்யும் இல்லை. 1991இல் இந்தியச் சமூகத்துக்கென்று சிண்டா தொடங்கப்பட்டதே பிள்ளைகளின் படிப்பில் இருந்த பின்னடைவைக் கண்டுதான். பீட்டி ரோட்டில் இருக்கும் அந்த அலுவலகத்தின் துணைப்பாட வகுப்புகளால் எழுந்து நின்ற குடும்பங்கள் ஏராளம். எனவே படிப்பா மன்றமா என்று எதிரெதிராக நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன 2010 ஆய்வில், நன்கு நடத்திய திட்டங்களில் மதிப்பெண்ணும் கூடியதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஆனால் அதையே விளம்பரமாக்காதீர்கள். ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்திய ஆறு வாரங்கள் மன்றத்தை மூடலாம். மூடுவதா வேண்டாமா, எந்த வாரத்திலிருந்து என்ற முடிவைப் பிள்ளைகளிடமே விடலாம். தொடக்கநிலை 6இல் இருப்பவர்களுக்கும் உயர்நிலை 4இல் இருப்பவர்களுக்கும் தேர்வுக் காலம் வேறுபடுவதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதுவும் ஒரு நிர்வாகப் பாடம்தான்.

பிள்ளைகளிடம் விட்டால் சொதப்பிவிடுவார்கள் என்ற ஆட்சேபத்துக்கு ஒரே பதில்: ஆமாம், சொதப்புவார்கள். எவ்வளவு சொதப்பலைத் தாங்க முடியும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை. ஒலிவாங்கி வேலை செய்யாமல் நிகழ்ச்சி இருபது நிமிடம் தாமதமானால் தாங்கலாம். வடை ஐம்பது குறைந்தால் தாங்கலாம். சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது தலை எண்ணுவதில் தவறினால் தாங்க முடியாது. அங்கே பிள்ளை எண்ணுவதோடு பெரியவர் ஒருவரும் தனியாக எண்ண வேண்டும். பணத்தில் ஒரு வரம்பு வைத்து, அதற்குள் செலவை அவர்களே முடிவு செய்து கணக்கு எழுதட்டும். வரம்பைத் தாண்டினால் பெரியவரின் கையெழுத்து வேண்டும். பாதுகாப்பு விதிகளில் பிள்ளைகளுக்கும் தொண்டூழியருக்கும் எந்தப் பேரமும் கிடையாது: அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது, பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் எல்லாப் பேச்சும். இந்த எல்லைகள் கறாராக இருந்தால்தான் அவற்றுக்குள் தாராளமாக விட முடியும். சொதப்பல் நடந்த மறுவாரம் யார் தப்பு என்று கேட்காமல், எந்த நிமிடத்தில் நமக்குத் தெரிந்தது, அப்போது என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் நம்முடையதைவிட நன்றாக இருக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சாவியைப் பொதுவில் வைத்தால் எடுத்துக்கொள்வது யார்? ஏற்கெனவே துணிந்த பிள்ளை. வாய்ப் பேச்சில் வல்ல, வீட்டில் ஆங்கிலமும் தமிழும் தாராளமாகப் புழங்கும், முதல் வரிசையில் உட்காரும் பிள்ளை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைத்தால் முடிவு முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பதவிகளை ஒழித்துவிட்டு வேலைகளை மட்டும் வைப்பது இதை ஓரளவு தணிக்கும். வேலைகள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கைமாற வேண்டும், யாரும் ஒரே வேலையை அடுத்தடுத்து இருமுறை எடுக்கக்கூடாது என்பதை விதியாக்குங்கள். பேசாத பிள்ளையை மேடையில் ஏற்றிப் 'பயத்தைப் போக்கும்' வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அது சிலருக்குப் பலிக்கும், சிலரை மன்றத்தைவிட்டே விரட்டும். அவருக்குக் கணக்கையோ வழி வரைவதையோ கொடுங்கள். அந்த வேலை பற்றி மற்றவர்கள் வந்து அவரிடம் கேட்க வேண்டிய நிலை தானாக வரும். கேட்டவருக்குப் பதில் சொல்வதும் பேச்சுதான். வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், அம்மா அப்பா இருவரும் ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள். தம்பியையும் கூட்டி வா என்று சொல்ல முடிகிற மன்றம்தான் அந்தப் பிள்ளையைத் தக்கவைக்கும். ஓர் ஆறு வயதுக்காரனை இரண்டு மணி நேரம் அழாமல் வைத்திருக்கும் அக்காவிடம் என்ன திறன் இருக்கிறது என்பதையும் அப்போது மற்றவர்கள் நேரில் பார்ப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனி மன்றம் எதற்கு, பல இன நாட்டில் இது ஒதுங்கிப்போவது ஆகாதா என்பதையும் கேட்காமல் விடமாட்டார்கள். 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் இன விகிதாசாரம் பேணப்படுகிறது. லிட்டில் இந்தியா கடைவீதியாக இருக்கிறதே தவிர, தமிழர் குடியிருப்பு தீவெங்கும் பரவிக் கிடக்கிறது. நல்ல கொள்கை, அதன் பக்கவிளைவு, பல வகுப்புகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருப்பது. சில பள்ளிகளின் மாணவர்கள் தமிழ் வகுப்புக்கே உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. இந்தச் சூழலில் தமிழ், வாய்மொழித் தேர்வுக்குரிய மொழியாகச் சுருங்குகிறது. மன்றத்தில்தான் அது சண்டை போடவும் சமாதானம் ஆகவும் விலை கேட்கவும் பயன்படுகிறது. தமிழில் ஏற்பாடு செய்துவிட்டு, நடைச்சுற்றுலா நாளில் சீன, மலாய் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கும் பிள்ளை ஒதுங்கிப்போனதாக யாரும் சொல்ல முடியாது. தமிழ் தடுமாறும் பிள்ளை கலந்து பேசட்டும். 'மைக் டெஸ்ட் பண்ணியாச்சா?' என்பதைத் திருத்த நின்றால் அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

கடைசியாக, ஆண்டு முடிவில் சாவி எப்படிக் கைமாற வேண்டும் என்பது. இதைத் திட்டமிடாத மன்றங்கள், நன்றாக நடத்திய இரண்டு மூன்று பிள்ளைகள் தொடக்கக் கல்லூரிக்கோ தேசிய சேவைக்கோ போனதும் ஓய்ந்துபோகும். மறுபடி பெரியவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். நவம்பர் விடுமுறைக்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்து, அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பழையவரும் புதியவரும் சேர்ந்து எழுதட்டும். அரைத் தாள் போதும். பூக்கடைக்காரரின் எண், அறையின் விளக்கு எந்தப் பொத்தானில் எரியும், ஒலிவாங்கியின் மின்கலம் எங்கே வாங்குவது, எந்தப் பாட்டிக்கு மேடையோர நாற்காலி பிடிக்காது என்பதெல்லாம் அதில் வரட்டும். ஜனவரியின் முதல் கூட்டத்தில் புதியவர் சாவியோடு பதினைந்து நிமிடம் முன்னதாக வர வேண்டும். பழையவர் வரலாம், பின்வரிசையில் உட்காரலாம். முதல் மூன்று வாரங்கள் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. அந்த விதி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் உண்டு. பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். சாவியை லேசாக மேலே தூக்கித் திருப்ப வேண்டும். அதைச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். புதியவர் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுப் பின்வரிசைப் பக்கம் திரும்பிக் கேட்கும்வரை பொறுங்கள்.